பாளையங்கோட்டையில் ஒரு ஹெலிகான் பிளாஸ்மா

முனைவர் பட்ட ஆய்வுக்கு ஹெலிகான் பிளாஸ்மாக் கருவி அமைக்க வேண்டியிருந்தது. பிளாஸ்மா என்பது அயனியான வாயு; ஹெலிகான் என்பது காந்தப்புலத்தில் அதனூடே ஓடும் ஒருவகை ரேடியோ அலை. கண்ணாடிக் குழாயில் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான், வெளியே ஆண்டெனா, அதற்கு 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்திறன், குழாயின் நீளவாக்கில் காந்தப்புலம். காகிதத்தில் இவ்வளவுதான்.

காந்தச் சுருளுக்கு வெளியூர் நிறுவனங்கள் சொன்ன விலை எங்கள் நிதிக்கு எட்டவில்லை. பேட்டையில் பம்ப்செட் மோட்டார்களுக்கு வைண்டிங் செய்யும் அண்ணாச்சியிடம் போனேன். வரைபடத்தைப் பார்த்ததும், "தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடும் தம்பி?" என்றார். ஆய்வுக்குழுவில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அடுக்குகளுக்கிடையே மூங்கில் குச்சி செருகிக் காற்றுக்கு வழி விட்டு, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தந்தார். சித்திரை வெயிலிலும் தாங்குகிறது.

சுருள் தரும் புலம் சுமார் 100 காஸ். அதில் எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண் 280 மெகாஹெர்ட்ஸ், ஆர்கான் அயனியுடையது 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. எங்கள் 13.56 இரண்டுக்கும் இடையில் விழுகிறது. ஹெலிகான் அலை ஓட அதுதான் வேண்டும்.

உண்மையான பாடு, ஜெனரேட்டரையும் ஆண்டெனாவையும் மின்னளவில் பொருத்தும் மேட்சிங் பெட்டியில்தான். ஜெனரேட்டர் 50 ஓம் எதிர்பார்க்கிறது. ஆண்டெனா பக்கம் சில ஓம்கூடத் தேறாது. பொருந்தாவிட்டால் திறன் திரும்பி வந்துவிடும். மாறும் மின்தேக்கிகள் இரண்டையும் மயிரிழை மயிரிழையாகத் திருகி, திரும்பும் திறனைக் காட்டும் முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் பிளாஸ்மா பற்றிக்கொள்ளும். பற்றியதுமே ஆண்டெனா பக்க மின்மறுப்பு, அதாவது அந்த ஓம் கணக்கு, மாறி முள் மறுபடி எகிறும். காந்திநகரில் ஆதித்யா-யு டோகமாக்கை (அணுக்கரு இணைவு ஆய்வுக்காகப் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தில் அடைக்கும் வளையக் கருவி) ரேடியோ அலையால் சூடேற்றுகிறவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு என்பது ஓர் அற்ப ஆறுதல். பிளாஸ்மாவின் வெப்பநிலையை எலக்ட்ரான்வோல்ட்டில் சொல்வது வழக்கம். எங்களுடையது சில எலக்ட்ரான்வோல்ட் பிளாஸ்மா; அணுக்கரு இணைவுக்குப் பத்தாயிரம் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வேண்டும்.

அளவீட்டுக் கம்பிகளில் இரைச்சல் தாளவில்லை. இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 0.02 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடும். மெல்லிய எர்த் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, டவுன் பாத்திரக்கடையில் செம்புத் தகடு வாங்கிப் பட்டையாக வெட்டிப் போட்டேன். அலைக்காட்டியில் கோடு தெளிந்தது.

திறனைக் கூட்டியபோது இளஞ்சிவப்பு ஒளி சட்டென்று மாறி, குழாயின் நடுவே நீலத்தண்டு எழுந்தது. நீலம் அயனியான ஆர்கானுடையது. அடர்த்தி பாய்ந்து ஏறியதற்கு அடையாளம். ஆனால் ஹெலிகான் அலைதான் என்பதற்கு நீலம் மட்டும் சான்றாகாது. சிறு வளையச் சுருளைக் குழாயினூடே நகர்த்தி, அலையின் கட்டம் (phase) எப்படி மாறுகிறது என்று பார்த்து அலைநீளம் கண்டால்தான் தேர்வாளர் ஒப்புவார். அந்த வேலைதான் இப்போது நடக்கிறது.