எந்தப் பக்கம் சுத்தும்?

என்னோடது 2001 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். இப்ப இருக்கற பசங்களுக்கு ஏதோ பழைய டப்பா மாதிரி தெரியும், ஆனா அந்தக் காலத்துல இந்த விலைக்கு 106 குதிரைன்னா சும்மா இல்ல. எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிச்சதும் சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ணிட்டு பேசாம இருந்திருக்கலாம். அதுக்குள்ள நம்ம கோயமுத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடையில ஒரு அடிபட்ட அக்கார்டோட 2.4 எஞ்சின், கே24, கியர்பாக்ஸோட கிடைக்குதுன்னு ஃப்ரெண்டு போன் பண்ணிட்டான், அவ்வளவுதான், முடிஞ்சுது கதை.

லேத் பட்டறை அண்ணன்கிட்ட கொண்டு போய் காட்டினேன். நாப்பது வருசமா பம்ப் மோட்டார் வேலை பாக்கறவரு. எத்தனை குதிரை, எவ்வளவு விலைன்னு எதுவுமே கேக்கல. "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, இது எந்தப் பக்கம் சுத்தும்?"

எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா நான் அதை யோசிக்கவே இல்ல. சிட்டியோட பழைய டி15 எஞ்சினை புல்லி பக்கம் நின்னு பாத்தா இடஞ்சுழியா சுத்தும், கே சீரிஸ் வலஞ்சுழி. அதனால பழசுல புல்லி இடது பக்கம் கியர்பாக்ஸ் வலது பக்கம்னா புதுசுல அப்படியே மாத்தி. பழைய இடத்துலயே புல்லி வர்ற மாதிரி உக்கார வச்சா என்ன ஆகும்னு கேக்கறீங்களா, அஞ்சு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும் இருக்கற கார் கிடைக்கும். "மூணு பேஸ் மோட்டார்னா ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தா போச்சு, இதுக்கு வண்டியவே மாத்தோணும்"னு சிரிச்சாரு. அதேதான் நடந்துச்சு.

எஞ்சினைத் தாங்கற மவுண்ட் நாலும் புதுசா செஞ்சோம். பழசுல சைலன்சர் பைப் ரேடியேட்டர் பக்கம் இறங்கும், இதுல ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ள உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) பக்கம், அதாவது ஸ்டியரிங் ரேக்குக்கு மேலயே. கியர் லிவருக்குப் பழைய வண்டில இரும்பு ராடு, கே கியர்பாக்ஸுக்கு ரெண்டு கேபிள், அதுக்காக தரையில ஓட்டை போட்டு லிவர் பெட்டியவே மாத்தினோம். உயரம் வேற தலைவலி, இதே கே சீரிஸ்ல வர்ற 2.0 லிட்டர் கே20 பிளாக்கை விட கே24 பிளாக் 19.5 மில்லிமீட்டர் ஒசரம். கீழ இறக்கினா அடியில இருக்கற ஆயில் சம்ப் தரைல இடிக்குது, மேல ஏத்தினா பானெட் மூடல. பானெட்டைத்தான் வெட்டினோம், இன்னும் பெயின்ட் அடிக்கல.

ஆனா நான் அதிகமா கத்துக்கிட்டது கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்தைச் சுத்த வைக்கற டிரைவ் ஷாஃப்ட்ல. ஒரு முனைல சக்கரம் மாட்டற சிட்டி ஹப், இன்னொரு முனைல அக்கார்டு கியர்பாக்ஸ், ரெண்டுக்கும் பல்லே வேற. ரெண்டு ஷாஃப்ட்டையும் பாதியா வெட்டி வெல்டு வச்சுடலாம்னு சொன்னேன். அண்ணன் மூஞ்சி மாறிடுச்சு. "ஒட்டு போட்ட ஷாஃப்ட் எம்பட்டறைல இருந்து வெளிய போகாது." இஎன்24ங்கற கெட்டியான அலாய் ஸ்டீல் கம்பி வாங்கிட்டு வரச் சொன்னாரு, ரெண்டு முனைக்கும் தனித்தனியா பல்லு வெட்டி, ஹார்டனிங் குடுத்து, திரும்ப லேத்துல மாட்டி நேரா சுத்துதான்னு டயல் கேஜ் வச்சு சுத்திப் பாத்து, முள்ளு லேசா ஆடினதுக்கு ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி செஞ்சாரு. மூணு வாரம் ஆச்சு, நான் தினமும் போய் நின்னு டீ குடிச்சது மட்டும்தான் மிச்சம்.

வயரிங் பத்தி எழுதினா அழுதுருவேன். அக்கார்டு சாவி இல்லாம அந்த ஈசியூ, அதாவது எஞ்சினோட கம்ப்யூட்டர், ஸ்டார்ட்டே விடாது, திருட்டைத் தடுக்கற இம்மொபிலைசர். கடைசில தனி ஈசியூ வாங்கினேன், பட்ஜெட் அங்கதான் செத்துச்சு.

ரோட்டுல ஓட்டறியான்னு கேக்காதீங்க. ஆர்சில இருக்கற எஞ்சின் நம்பரே வேற, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் தெளிவா சொல்லிடுச்சு. லாரில ஏத்தி செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குத்தான் கொண்டு போறேன். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வச்சு ரேஸ் கார் கட்டின ஊரு இது, அதனால கூச்சமில்ல.

ஓட்டறதுக்கு எப்படின்னா, பழசு ஆர்பிஎம் ஏற ஏற கத்தும், அந்தக் கத்தல் எனக்கு இப்பவும் புடிக்கும். இது கத்தறதில்ல, மூணாவது கியர்ல வளைவு தாண்டி லேசா மிதிச்சாலே இழுத்துட்டுப் போகுது. நாலாவது லேப்புல பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குச்சு. அது 106 குதிரைக்கு வச்ச பிரேக், மறந்தே போயிட்டேன். இப்ப பெரிய டிஸ்க் தேடிட்டு இருக்கேன், வீட்டுல இன்னும் சொல்லல.