குளிசையும் சாயத்தண்ணியும்

தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்ணிடம் "தேத்தண்ணியக் குறைங்க" என்று சொல்லிப் பாருங்கள். உடனே தலையாட்டுவார். மிஸ்ஸி (கிளினிக்கில் மருந்து கொடுக்கிற எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொன்னால் தலையாட்ட வேண்டும் என்பது மலையகத்தில் எழுதாத சட்டம். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனதும் முதல் வேலையாகக் கேத்தல் அடுப்பில் ஏறும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும், கூடவே விற்றமின் சி, கல்சியமும் கொடுக்கிறோம். தேயிலையில் இருக்கும் தனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கல்சியமும் ஓரளவு அப்படித்தான். அதனால் தேத்தண்ணியோடு குளிசை போடக்கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான். ஆனால் தோட்டத்தில் தேத்தண்ணி இல்லாத மணி எது? விடிய எழும்பியதும் ஒன்று, ரொட்டி சம்பலோடு ஒன்று, மலையில் பத்து மணிக்குப் போத்தலில் கொண்டுபோனது, பகல் கொழுந்து நிறுத்துவிட்டு ஒன்று, பொழுது சாய இன்னொன்று. ஆகவே நான் முதலில் அறிவுரை சொல்வதில்லை. "எழும்பினதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னா செய்வீங்க புள்ள?" என்று கேட்பேன். அநேகமாக எல்லோர் கதையிலும் ஒரே ஒரு சந்து கிடைக்கும். இரவுச் சோறு முடிந்து, பாத்திரம் கழுவி, படுக்கப் போகும் நேரம். இரும்புக் குளிசை அங்கே போகும். கல்சியம் காலைச் சாப்பாட்டோடு. இரும்பை இரவில் போட்டால் வயிற்றுப் பிரட்டலும் தூக்கத்திலேயே கழிந்துவிடும்.

உடம்பில் இரத்தம் காணாது, போதவில்லை என்பதை நம்ப வைப்பது அதைவிடச் சிரமம். நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், "மலை ஏறினா மூச்சு வாங்காதா மிஸ்ஸி?" என்று சிரிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கூடையோடு ஏத்தம் ஏறுகிறவளுக்கு எது களைப்பு, எது வருத்தம் என்று பிரித்துப் பார்க்க நேரம் ஏது? ஒருநாள் கூட வந்த மாமியாரையும் உட்கார வைத்து, இருவரின் கீழ் இமையையும் இழுத்துக் காட்டினேன். மாமியாருடையது நல்ல சிவப்பு. மருமகளுடையது வெளிறி, ஏறக்குறைய வெள்ளை. கிழவி இரண்டு தரம் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ள பெத்துக்கிறப்போ போற ரத்தத்த இது எப்படித் தாங்கும்?" என்று அவரே கேட்டார். நான் சொல்ல வைத்திருந்தது அதுதான். அன்றிலிருந்து குளிசைக் கணக்கு மாமியார் கையில்.

முதல் நாளே சொல்லிவிட வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இந்தக் குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். சொல்லாமல் விட்டால் வயிற்றுக்குள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதையும் சொல்லமாட்டார்கள், மிஸ்ஸி ஏசுவார் என்று. ஏசுகிற மிஸ்ஸிமார் இருக்கிறார்கள், மறைப்பானேன். காகித உறையில் கொடுத்த குளிசை மூடுபனி ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போவதும் உண்டு. மூடியுள்ள போத்தலில் போட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.

இன்சுலின் போடும் சீனி வருத்தக்காரர்களிடம் வேறு கதை. வீட்டில் பிரிட்ஜ் இல்லையே என்று கவலைப்படுவார்கள். நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில், பாவிக்கிற குப்பி ஒரு மாதம் வரை வெளியிலேயே இருக்கலாம். ஆபத்து லயத்து அடுப்படியில்தான். காய்வதற்கென்று எதையும் அடுப்புக்கு மேலே சொருகும் பழக்கத்தில் மருந்தும் அங்கே போய்விடும். வெயில் படாத மூலையில், தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் குப்பி நனையாமல் வைத்தால் போதும். கிளினிக்கில் கொடுக்கிற சத்துமா, திரிபோஷா பற்றியும் கேட்பீர்கள். தாய்க்குக் கொடுத்ததை வீடே பகிர்ந்து தின்னும். வீட்டில் சின்னதுகள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் தின்ன வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சின்னதுகளையும் நிறுத்துப் பார்க்கக் கூட்டிவரச் சொல்வேன். எடை குறைந்த பிள்ளைக்கும் அதே பாக்கெட் கிடைக்க வழி இருக்கிறது.

தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழியும்தான். இருந்தும் சிங்களத்தில் மட்டும் எழுதிய மருந்து உறையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஹோல்டில் யாரையாவது வாசிக்கக் கேட்கும் தாயை இன்றும் பார்க்கலாம். அதற்குத்தான் உறையில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து கொடுக்கிறேன்.

இத்தனையும் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு. வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும், அதனால் வராதவர்களே அதிகம். பகல் கொழுந்து நிறுக்கும்போது மடுவத்தில், அந்தக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே பத்து நிமிடம் கிடைத்தால், குடும்பநல அக்காவும் (மருத்துவிச்சி) நானும் ஒரு மாதத்து கிளினிக் பேச்சைப் பேசிவிடுவோம். சில தோட்டங்களில் விடுகிறார்கள். சில இடங்களில், நிறுவை தாமதமாகும் மிஸ் என்கிறார் கணக்கப்பிள்ளை. அங்கே பிள்ளைக்காம்பராவுக்கு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, போகிறோம், பால் கொடுக்க வரும் தாய்மாரைப் பிடிக்க.