உபன்யாசம்: எல்லை தாண்டினால் பொருள் மாறும் சொல்

இந்தி இலக்கிய உலகம் பிரேம்சந்தை 'உபன்யாஸ் சாம்ராட்', அதாவது நாவல் பேரரசர், என்று போற்றுகிறது. அந்தப் பட்டத்தின் முதற்சொல்லை மாற்றாமல் 'உபன்யாசச் சக்கரவர்த்தி' என்று தமிழில் எழுதினால், நம் வாசகர் மனத்தில் நாவலாசிரியர் தோன்றமாட்டார். கோயில் மண்டபத்தில் அமர்ந்து இராமாயணமோ பாகவதமோ சொல்லும் ஒரு பெரியவர்தான் தோன்றுவார். வடமொழிச் சொல் என்றால் இந்தியா முழுவதும் ஒரே பொருள்தான் என்று பலரும் எளிதாக நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய இந்த ஒரு சொல்லே போதும் என்பது என் எண்ணம்.

மூலத்தில் அது எளிய சொல். 'உப' என்றால் அருகில். 'நி' என்றால் கீழே. 'அஸ்' என்பது எறிதல், இடுதல் என்னும் வினை. ஒன்றைக் கொண்டுவந்து எதிரில் வைப்பதே உபன்யாசம். கருத்தை முன்வைத்தல், மேற்கோள் காட்டுதல், காரணம் சொல்லுதல், அடைக்கலமாகப் பொருளை ஒப்படைத்தல் என்று பல பொருள்கள் அதிலிருந்தே கிளைத்தன. நாட்டிய சாஸ்திரம் நாடகக் கதையின் இரண்டாம் கட்டமான பிரதிமுக சந்திக்குரிய 13 உறுப்புகளில் ஒன்றுக்கு இப்பெயரைத் தந்து, காரணத்தோடு கூடிய கூற்று என்று விளக்குகிறது. இவற்றில் எங்கும் நாவல் இல்லை. பக்திச் சொற்பொழிவும் இல்லை.

நாவல் என்னும் பொருள் வங்காளத்தில் 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தின் வழியாக அறிமுகமான நீண்ட உரைநடைக் கதைக்கு, பழைய 'கதா', 'ஆக்யாயிகா' என்னும் பெயர்களோடு கலந்துவிடாத ஒரு பெயர் வேண்டியிருந்தது. பூதேவ் முகோபாத்யாய் தம் வரலாற்றுக் கதை நூலுக்கு 'ஐதிஹாசிக் உபன்யாஸ்' என்றே தலைப்பிட்டார். 1865இல் வெளிவந்த பங்கிம் சந்திரரின் 'துர்கேசநந்தினி'க்குப் பிறகு அந்த இலக்கிய வகையும் அதன் பெயரும் வங்காளத்தில் நிலைபெற்றன. இந்தி, ஒடியா, அசாமிய, நேபாளி வாசகர்களுக்கும் இன்று உபன்யாஸ் என்றால் நாவல்தான்.

மராத்தியும் கன்னடமும் வேறு வழியில் சென்றன. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய 'காதம்பரி'யின் கதாநாயகி பெயரையே அவை நாவல் வகைக்குச் சூட்டிக்கொண்டன. ஒரு பெண்ணின் பெயர் ஓர் இலக்கிய வகையின் பெயராவது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. கன்னடத்தில் அந்த இடத்தைக் காதம்பரி பிடித்துக்கொண்டதால், உபன்யாசம் உரையாற்றுதல் என்னும் பொருளிலேயே தங்கிவிட்டது போலும். கர்நாடகக் கல்லூரிகளில் விரிவுரையாளரை 'உபன்யாசகரு' என்பார்கள். அறிவிப்புப் பலகையில் 'விசேஷ உபன்யாச' என்று கண்டால், அது இயற்பியலைப் பற்றிய சிறப்புரையாகவும் இருக்கலாம். அதே பலகையைக் கன்னட எழுத்து தெரிந்த ஓர் இந்திக்காரர் படித்தால் சிறப்பு நாவல் என்று நினைப்பார். தமிழர் படித்தால் சுண்டல் பிரசாதத்தை எதிர்பார்ப்பார்.

தெலுங்கிலும் உபன்யாசம் மேடைப்பேச்சுத்தான். நாவலை அவர்கள் 'நவல' என்கிறார்கள். மலையாளத்திலோ உபன்யாசம் கட்டுரையைக் குறிக்கும்: பேச்சுக்குரிய சொல் அங்கே ஏட்டுக்கு வந்துவிட்டது.

தமிழிலும் இச்சொல் எப்போதும் கோயிலுக்குள்ளேயே இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசியல், சமூகச் சீர்திருத்தம், கல்வி என எதைப் பற்றிய பொதுப்பேச்சையும் பத்திரிகைகள் 'உபந்நியாசம்' என்றும் 'பிரசங்கம்' என்றும் தயங்காமல் எழுதின. தனித்தமிழ் உணர்வு வலுப்பெற்று, 'சொற்பொழிவு' மேடைகளை ஆட்கொண்டபின் உபன்யாசம் பின்வாங்கி, சமயத்தின் எல்லைக்குள் ஒதுங்கியது. சமயச் சொற்பொழிவாளர் சேங்காலிபுரம் அனந்தராம தீட்சிதர் போன்றோரின் புகழ் அந்தக் குறுகிய பொருளுக்கு ஓர் அழுத்தமான முகத்தையும் தந்தது. 'சொற்பொழிவு' அழகான சொல். அது வென்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பழைய பத்திரிகைகளில் 'உபந்நியாசம்' என்று காண்கிற இன்றைய மாணவர், அதைச் சமயக் கூட்டம் என்று கொண்டு அந்தக் காலத்து அரசியலையே தவறாகப் படிக்கக்கூடும். அந்த எழுத்துகளை மறுபதிப்புச் செய்வோர் அச்சொல்லுக்கு ஒரு வரி விளக்கமாவது தரவேண்டும்.