ஈரத்துணியில ஒட்டிக்கிட்ட வானம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில 3 வருஷம் வேலை பாத்தேன், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், பர்மா தேக்குப் பெட்டின்னு வர்றதையெல்லாம் தொடச்சு வைக்கிறதுதான் வேலை. தொடைக்கிறதுல நம்மள மிஞ்ச ஆளில்லன்னு ஒரு நெனப்பு வேற.

ஒருதடவ கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்ல பாகம் பிரிச்சப்ப வேன் வச்சு சாமான் ஏத்திட்டு வந்தோம். அதுல கண்ணாடி போட்ட தஞ்சாவூர் பெரிய கோவில் படம் ஒண்ணு. ஏத்தும்போதே அந்த வீட்டு ஆச்சி, "அப்பச்சி ரூம்ல கெடந்துச்சுப்பா, கோபுரத்துக்குக் கீழ எறும்பாட்டம் நிக்கிறாகளே, அவுகள்லாம் யாரு?"ன்னு கேட்டாக. எனக்கு என்ன தெரியும், சிரிச்சுட்டு வந்துட்டேன்.

கடைக்கு வந்து பிரேமைக் கழட்டி, பழக்கதோஷத்துல ஈரத்துணிய எடுத்து மேல ஒரு இழுப்பு இழுத்தேன், அவ்ளோதான், துணியில நீலம், படத்துல வானம் இருந்த எடத்துல ஒரு பழுப்புத் தடம்.

முதலாளி திட்டல, அதுதான் பயமா இருந்துச்சு. லென்ஸ குடுத்து பார்றான்னாரு. பாத்தா அந்தப் பழுப்புக்குள்ள பொடி மணல் தூவுனமாதிரி புள்ளி புள்ளியா மை மட்டும் அப்படியே இருக்கு, படத்தச் சுத்தி செம்புத்தகடு அழுந்துன பள்ளமும் விரல்ல தட்டுது. அக்வாடிண்ட்டுடா, தகட்டுல குங்கிலியப் பொடி தூவி சூடுகாட்டி, ஆசிட்ல அரிக்க விட்டு அச்சடிக்கிறது, அச்சு மை தண்ணிக்கு அசையாது, மேல பிரஷ்ல ஆளு வச்சுப் போட்ட வாட்டர்கலரத்தான் நீ தொடச்சுட்டன்னாரு.

வரைஞ்சது தாமஸ் டேனியல்னு ஒரு இங்கிலீஷ்கார ஓவியர், கூடவே அவரு கூடப்பொறந்தவர் மகன் வில்லியம், ஊர விட்டுக் கெளம்புறப்ப அவனுக்கு 16 வயசுதான். 1786-ல கல்கத்தா வந்து எறங்கி, 1792-ல தெக்க மதுரை, ராமேஸ்வரம், தஞ்சாவூர்னு சுத்தியிருக்காங்க. கேமரா அப்ஸ்க்யூரான்னு ஒரு பெட்டி, லென்ஸ் வழியா காட்சி உள்ள விழும், அத அப்படியே கோடு இழுத்துக்கலாம், அதான் தூணுக்குத் தூண் கணக்கு தப்பாம இருக்கு. லண்டன் போய் 1795-லேர்ந்து 1808 வரைக்கும் மொத்தம் 144 படம் அச்சுப் போட்டாங்க.

எனக்கு மனசு அதுல ஒட்டல, அந்தக் கலர் போட்ட ஆளுக மேலதான் போச்சு. லண்டன் போறதுக்கு முன்னாடி கல்கத்தாவுல மொத செட்டு படம் போட்டப்ப தாமஸ் நம்ம நாட்டு கைவேலக்காரங்களத்தான் கூட வச்சுக்கிட்டாராம், அதுல ஒருத்தன் பேரும் படத்துக்குக் கீழ கெடையாது. கோபுரத்த அளந்து போட்டவரு, கீழ நிக்கிறவன கோபுரம் எவ்ளோ ஒசரம்னு காட்டுறதுக்குத்தான் நிக்க வச்சிருக்காருன்னு எனக்குத் தோணுது, அழகாத்தான் இருக்கு, இல்லங்கல, ஆனா ஒரு மொகம்கூட தெரியல. ஆச்சி கேட்டது அதத்தான்.

வந்த வெலைக்குக் கேட்டவங்களுக்கெல்லாம் முதலாளி தடத்தக் காட்டித்தான் பேசுவாரு, "நம்ம பய கைவரிசை"ம்பாரு, வாங்குறவுக கையக் கட்டிக்கிட்டு என்னைய ஒரு பார்வ பாப்பாக. நான் வேலைய விட்டு நிக்கிறவரைக்கும் அது போகல, கல்லாப்பெட்டிக்கு மேல தொங்குச்சு.