தலை தட்டாத டப்பா

ரங்கூனில் அன்றாடம் அரிசி வாங்கும் வீடுகளுக்குப் படி என்பது கெட்டிப்பால் டப்பாதான். 8 டப்பா ஒரு பியீ. 24 பியீ ஒரு மூட்டை, ஏறக்குறைய 50 கிலோ. வெங்காயமும் எண்ணெயும் வீசைக் கணக்கில் போகும். பர்மியர்கள் அதைப் பெய்த்தா என்பார்கள். நம்முடைய வீசையைக் கேட்டுத்தான் வெள்ளைக்காரன் 'விஸ்' என்று எழுதிக்கொண்டான். ஒரு வீசை 1.63 கிலோ. இந்தக் கணக்குகளோடு 28 வருஷம் ஓடிவிட்டது எனக்கு.

1997இல் நான் முதலில் சேர்ந்த கடையின் பெயர் வேண்டாம். அங்கே முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். டப்பாவை அரிசிக்குள் முக்கும்போது கட்டைவிரல் உள்ளே இருக்க வேண்டும். மேலே குச்சியால் தலை தட்டிவிட வேண்டும். விரல் இருந்த இடத்து அரிசி கடைக்கு மிச்சம். போதாததற்கு டப்பாவின் அடியையும் உள்பக்கமாகத் தட்டி நெளித்து வைத்திருந்தார்கள். எனக்கு 19 வயது, அப்பா இல்லாத வீடு. இரண்டு வருஷம் அப்படியே அளந்தேன்.

அதே நாட்களில் வீட்டில் அம்மா பிடியரிசி எடுத்துவந்தார். ஒவ்வொரு வேளையும் உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாட்டி கொண்டுவந்த பழக்கம் அது. (பின்னாளில் எங்கள் கடைக்கு எடை போட வந்த சின் மலைப் பையன் இதைக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டிலும் உண்டு என்றான். எல்லைக்கு அந்தப் பக்கம் மிசோரம் சபைகளில் இதைப் புஃபாய் தாம் என்பார்கள்.) அம்மா ஒரு பிடியை எடுத்து வைப்பார். ஏறக்குறைய அதே அளவை நான் பகலெல்லாம் டப்பா டப்பாவாக அடுத்த வீட்டு உலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பானையில் அம்மாவின் கை போய் வருவதைப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்ற வசனம் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். ஆனால் தராசு வேறு, டப்பா வேறு என்று எப்படியோ நினைத்திருந்தேன். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கடையைவிட்டு நின்றேன்.

அடுத்த கடையின் முதலாளி ஒரு பர்மிய அம்மா. அடோ என்று கூப்பிடுவேன், அத்தை முறை. தினமும் விடியற்காலையில் முதலில் வடித்த சோற்றை, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, பிக்குகளின் பாத்திரத்தில் இடுவார். கடை வாசலில் வழிப்போக்கர்களுக்கு மண்பானையில் தண்ணீர். இந்த ஊரில் அது அதிசயமே இல்லை, தெருவுக்குத் தெரு பானை வைத்திருப்பார்கள். திருவிழா நாட்களில் போகிற வருகிற எல்லாருக்கும் சாப்பாடு போடுவார்கள், அதற்குச் சதுதிதா என்று பெயர். உலகக் கொடை அட்டவணையில் 2014 தொடங்கிச் சில வருஷங்கள் மியான்மார் முதலிடத்தில் இருந்தது என்றால், அதற்குப் பின்னால் இந்தப் பானைகளும் சோறும் உண்டு. ஒரு கலசம் தண்ணீரைப் பற்றி இயேசு சொன்னதை நான் வாசித்திருந்தேன். அதைத் தினமும் செய்கிறவரைப் பார்த்தது அடோவிடம்தான். இதைச் சொல்வதால் என் விசுவாசத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

'அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து' என்று லூக்கா 6இல் வருகிறது. காணிக்கை கேட்கும் நாளில்தான் அந்த வசனம் பெரும்பாலும் ஆலயத்தில் ஒலிக்கும். கொடுத்தால் திரும்ப வரும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அரிசி அளக்கிறவன் காதில் அது வேறு விதமாக விழுகிறது. அரிசியைக் குலுக்கினால் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மூடி, கீழே இறங்கும். அமுக்கினால் இன்னும் இறங்கும். அதற்கு மேல் கோபுரமாகக் குவித்தால்தான் சரியும். அளவையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குப் புரிகிற பேச்சு அது.

எனக்கும் அப்படி அளக்க ஆசை. ஆனால் அரிசி என்னுடையது இல்லையே! அடுத்தவர் அரிசியை அள்ளிக் கொடுத்துவிட்டு அதைத் தர்மம் என்று சொல்லக் கூடாது. ஒரு மூட்டையைக் கோபுர டப்பாவாக அளந்து பார்த்தேன். மொத்தமுள்ள 192 டப்பாவில் பத்துப் பன்னிரண்டு குறைந்தது. அடோவிடம் போய், "இந்தக் குறைச்சலை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், நான் தலை தட்டாமல் அளக்கிறேன்" என்றேன். வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மூட்டையாக வாங்குகிறவனுக்கு எதற்கு? ஒரு டப்பா, இரண்டு டப்பா வாங்குகிறவர்களுக்கு மட்டும் அப்படி அளந்து கொடு. பாதி உன் கணக்கு, பாதி என் கணக்கு."

அவர் சொன்ன பிறகுதான் கணக்கைச் சரியாகப் பார்த்தேன். எங்கள் கடையில் மூட்டையாக வாங்குகிறவருக்கு ஒரு டப்பாவுக்கு விழும் விலையைவிட, டப்பாவாக வாங்குகிறவர் கொடுக்கும் விலை அதிகம். மொத்தப் பணம் கையில் இல்லாதவர்தான் அதிகம் கொடுத்துச் சாப்பிடுகிறார். அப்படியானால் நான் குவித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு அவருடையதே அவருக்குத் திரும்பிப் போனது. அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்க இன்றும் எனக்குத் தயக்கம்தான்.

2008 மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் அடித்தது. ஐராவதி டெல்டாவில் போகலே, லபுட்டா பக்கமெல்லாம் அழிந்துபோனது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000 பேர் என்றார்கள். நாட்டுக்கே நெல் விளைகிற பூமி அது. ரங்கூனில் அரிசி விலை ஏறியது. அந்த மாதம் கடையில் எல்லாருக்குமே கோபம் மூக்கு நுனியில் இருந்தது, எனக்கும்தான்.

லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது கொக்கி பட்ட இடத்தில் சாக்கு கிழிந்து அரிசி சிந்தும். ஒருநாள் காலை, அதைக் குனிந்து கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். பேச்சில் டெல்டாக்காரி என்று தெரிந்தது. முகத்தில் தனகா என்னும் மரப்பட்டைப் பூச்சு இல்லை, காலில் செருப்பு இல்லை. நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பது முழுக்க நினைவில்லை, "திருடி" என்ற சொல் மட்டும் நினைவிருக்கிறது. அவள் ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் கட்டியிருந்த தமெய்ன் துணியின் மடிப்பில் இருந்த அரிசியை அப்படியே தரையில் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனாள். நாலு டப்பாகூட இருந்திருக்காது.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் மகள் வேதாகமத்தில் ரூத்தின் புஸ்தகத்தை வாசித்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் தடுமாறுவாள். அதனால் அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமத்தில் அவள் வாசிக்க, நான் என் தமிழ் வேதாகமத்தில் கூடவே பார்த்துக்கொண்டு போனேன். கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண்ணுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடுங்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்கிறான் நிலத்துக்காரன் போவாஸ். அதோடு நிறுத்தவில்லை. 'அவளை அதட்டாதிருங்கள்' என்கிறான். அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. மகள் அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு பியீ அரிசியைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்தப் பொட்டலத்தை வேறு யாருக்கோ கொடுத்தேன், அதில் மனம் ஆறவில்லை.

அடோ காலமாகிவிட்டார். கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறார். பாதிக் கணக்கு ஏற்பாட்டை அவரும் மாற்றவில்லை. லாரி காலை ஏழு மணிக்கு வரும். வாசலைப் பத்து மணிக்கு மேல்தான் கூட்ட வேண்டும் என்று பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மூன்று மணி நேரமும் நான் உள்ளே கணக்கு நோட்டோடு இருப்பேன், வாசல் பக்கம் திரும்புவதில்லை.