ஊக்கு பிள்ளை கையில்

பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள் ஊக்கால் கோர்க்கும்போதே எலாஸ்டிக்கின் வால் உள்ளே ஓடி மறைந்துவிட்டது. இன்று மதியம் பிள்ளை ஊக்கை இழுத்த வேகம் அப்படி!

வால்நுனியை முதலிலேயே இன்னொரு ஊக்கால் துணியோடு குத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய காட்டன் புடவையில் பாவாடை. இடுப்பு 20 அங்குலம் என்றால் துணிச் சுற்றளவு 36, எலாஸ்டிக் 19. அரை அங்குல எலாஸ்டிக்குக்கு முதலில் கால், பிறகு முக்கால் அங்குலம் மடித்துத் தையுங்கள்; அதுதான் பட்டி. பட்டி இறுக்கமாக இருந்தால் ஊக்கு நடுவழியில் சிக்கும். கோர்க்க 2 அங்குலம் தைக்காமல் விடுங்கள்.

மூடிய ஊக்கின் தலையைத் துணிக்குள் தடவித் தடவி நகர்த்துவது நாலு வயது விரல்களுக்கு எவ்வளவு அருமையான விளையாட்டு! மெஷின் பெடல் பக்கம் மட்டும் விடாதீர்கள். குண்டூசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

மீதித் துண்டு பொம்மைக்குப் பாவாடை. அதற்கு நாடாவே போதும்.