மன்னார்குடியிலிருந்து மலை வழிகாட்டி வேலைக்கு

"சமவெளிக்காரனுக்கு மூச்சு தாங்குமா?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். தாங்கும். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அது மன்னார்குடிக்காரனுக்கும் டெல்லிக்காரனுக்கும் ஒன்றுதான். மெதுவாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். என்னைப் படுத்தி எடுத்தவை இறக்கமும் குளிரும் இந்தியும்தான்.

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்குள் முறையாக நுழைய மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் இருப்பது 1954இல் தொடங்கியது. டென்சிங் நோர்கே அங்கே பயிற்சி கொடுத்தவர். நான் விண்ணப்பித்தது உத்தரகண்ட் மாநிலத்து உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்துக்கு. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்கே படித்தவர். அடிப்படைப் பயிற்சி 28 நாள். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஏதாவது நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பில்லை என்ற உறுதிப் பத்திரமும் வேண்டும். டாக்டர் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டில்தான் சிக்கல். "நீ சாவுறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாடா?" என்று அம்மா பத்திரத்தைத் தொடவே இல்லை. அப்பா படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். குறுவை அறுப்பு நேரம், மெஷின் வயலில் நின்றுகொண்டிருந்தது.

உடம்பைத் தயார்படுத்த டெல்டாவில் மேடு ஏது? கொள்ளிடம் மணலில் ஓடலாம், தொடைக்கு நல்லது. ரயில்வே நடைமேம்பாலத்தில் விதைநெல் மூட்டையோடு ஏறி இறங்கினேன், ஊரே வேடிக்கை பார்த்தது. உண்மையில் உதவியது கொல்லிமலை ஆகாய கங்கைப் படிகள்தான். அங்கே முதலில் ஆயிரம் படிக்கு மேல் இறங்கி, அப்புறம்தான் ஏற வேண்டும். முட்டி என்ன சொல்கிறது என்று இறக்கத்தில்தான் தெரியும்.

பயிற்சியில் முதல் சில நாள் தேக்லா என்ற இடத்தில் பாறை ஏற்றம். பிறகு முதுகில் சுமையோடு டோக்ரியானி பனியாற்றுப் பக்கம் நடை. வழுக்கி விழுந்தால் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியைப் பனியில் குத்தி நிற்பதை, கை தானாகச் செய்கிறவரை செய்ய வைத்தார்கள். முடிச்சுகளில் எனக்குச் சிரமம் இல்லை. கிளவ் ஹிட்ச் என்று அவர்கள் போட்டுக் காட்டியதை எங்கள் வீட்டில் மாடு கட்டும் முளையில் சின்ன வயதிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏ கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சிக்குப் போக முடியும். கிடைத்தது. ஆனால் 2022 அக்டோபரில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் இதே நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சி மாணவர்கள். அது டிவியில் வந்த பிறகு அடுத்த பத்திரத்துக்கு வீட்டில் கையெழுத்து வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. எனக்கும் தூக்கம் வரவில்லை என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

சான்றிதழ் இருந்தால் உடனே வழிகாட்டி ஆகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உத்தரகாசி இருக்கும் கார்வால் மலைப்பகுதியின் கிராமத்துப் பையன்கள் பத்து வயதிலேயே ஆடு மேய்த்துக்கொண்டு அந்தச் சரிவுகளில் நடந்தவர்கள், அவர்களோடுதான் போட்டி. முதலில் எனக்குக் கிடைத்தது கூட்டத்தின் வாலில் நடக்கும் வேலை. கடைசி ஆள் வந்துவிட்டாரா, எத்தனை தலை, யார் சாப்பிடவில்லை, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் தொழிலே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

தமிழ்க் கூட்டங்கள் வரத் தொடங்கியதும் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. "ஹெட் ஏக்?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்று தலையாட்டுவார்கள். "ராத்திரி சோறு இறங்குச்சாண்ணே?" என்று கேட்டால் உண்மை வரும். இமாச்சலத்தில் ஹம்டா கணவாய் நடையில், பாலு கா கேரா முகாமில், கும்பகோணத்திலிருந்து வந்த ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தலைபாரம், தூங்கினால் சரியாகிவிடும் என்றார். மறுநாள் 4,270 மீட்டர் கணவாயைக் கடக்க வேண்டும்.

குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வது உயர நோய்க்கான ஒரு சோதனை. அதை விளக்கிக்கொண்டிருக்காமல், "வரப்புல நடக்கிற மாதிரி நடந்து காட்டுங்க" என்றேன். நாலாவது அடியில் சாய்ந்தார். மறுபடி முயன்றார், மறுபடியும் சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தால் தள்ளாட்டம் இப்படித்தான் வரும். அதற்கு முதல் மருந்து இறங்குவதுதான். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பது பேராசை. "லீவு போட்டு, காசு கட்டி வந்திருக்கேன் தம்பி" என்று கோபப்பட்டார். அன்று மாலையே ஹெட்லைட் கட்டிக்கொண்டு, ஒரு உதவியாளோடு அவரைக் கைத்தாங்கலாக ஜோப்ரா பக்கம் இறக்கினோம். கீழே போகப் போகப் பேச்சு தெளிந்தது. கூடவே திட்டும் தெளிவாக வந்தது.

சிகரத்தைத் தொட்டதைவிட இப்படித் திருப்பிக் கூட்டி வந்ததுதான் இந்த வேலையில் எனக்கு அதிகம். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பொது விதி. விடுமுறை நாளுக்குள் அடக்கிய திட்டங்களில் அந்த விதிதான் முதலில் அடிபடுகிறது.

வருமானம் நாள் கூலிதான். மே, ஜூன், அப்புறம் செப்டம்பர், அக்டோபர். குளிர்காலத்தில் பனி நடைகள் கொஞ்சம். சம்பா நடவு நல்ல சீசனில் விழுவதால் அதை அப்பா பார்த்துக்கொள்கிறார். தை அறுப்புக்கு நான் வந்துவிடுவேன். போன தையில் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். "ஆளுங்களை மலை ஏத்தி இறக்குற வேலை" என்றார் மாமா. "பழனியா, சபரிமலையா?" என்றார் பெண்ணின் தாத்தா.